துணிக்குள்ளே கால் இருக்கணும்

கேள்வி: மான்செஸ்டரில் வேலை பார்க்கிறேன். செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கத்தில் டிராமுக்குக் காத்திருக்கும்போதெல்லாம், நாற்காலி மேல் ஏறி நின்று கையை நீட்டிப் பேசும் ஒரு பெண்மணியின் வெண்கலச் சிலை கண்ணில் படும். இப்படி ஒரு சிலையைச் சிற்பி எப்படிச் செய்கிறார்? நம் சுவாமிமலையில் வார்ப்பது மாதிரிதானா? இதற்கெல்லாம் ஏன் ஆண்டுக்கணக்கில் ஆகிறது?

பதில்: நீங்கள் பார்ப்பது எம்மெலின் பேங்க்ஹர்ஸ்ட் அம்மையார். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர், மான்செஸ்டரிலேயே பிறந்தவர். 1903இல் அவர் வீட்டில்தான் அந்தப் போராட்டச் சங்கம் தொடங்கியது. சிலையைச் செய்தவர் ஹேசல் ரீவ்ஸ் என்ற பெண் சிற்பி. திறந்த நாள் 2018 டிசம்பர் 14. பிரிட்டனில் பெண்கள் முதன்முதலாகப் பொதுத்தேர்தலில் வாக்களித்தது 1918 டிசம்பர் 14, சரியாக நூறு வருடம். யாருக்குச் சிலை வைப்பது என்பதையும் இருபது பெண்களின் பட்டியலிலிருந்து மக்கள் வாக்களித்தே முடிவு செய்தார்கள். வாக்குக்காகச் சிறை போனவருக்கு அது பொருத்தம்தான்.

நான் சிற்பம் படித்துவிட்டுப் பல வருடம் ஒரு வார்ப்புப் பட்டறையில் மெழுகு வேலையும் களிமண் வேலையும் பார்த்தவன். அந்தச் சிலையை நேரில் பார்த்ததில்லை, படங்களில்தான். ஆனால் இந்த வகைச் சிலைகளில் சிற்பி எங்கே தடுமாறுவார், எங்கே காலம் போகும் என்பது தெரியும். எல்லோரும் உலையையும் உருகிய உலோகத்தையும்தான் கேட்பார்கள். அது கடைசியில் நடப்பது, ஒரு பகல் வேலை. அதற்கு முன்னால் நடப்பதுதான் கதை.

முதலில் ஒன்று. பொது இடத்தில் பெண் சிலைக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. நீதி என்றால் பெண், வெற்றி என்றால் பெண், சுதந்திரம் என்றாலும் பெண்தான். வாழ்ந்து, வேலை செய்து, செத்துப்போன ஒரு பெண்மணிதான் அபூர்வம். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் கதைப் பெண் ஆலிஸ் இருந்தாள், தேவதை இருந்தாள், ஜூலியட் இருந்தாள். நிஜப் பெண்களுக்கு அங்கே சிலை வந்தது 2020 ஆகஸ்ட் 26இல். லண்டன் பார்லிமென்ட் சதுக்கத்தில் முதல் பெண் சிலை, வாக்குரிமைக்காகப் போராடிய மிலிசென்ட் ஃபாசெட்டுடையது, 2018 ஏப்ரலில் வந்தது. உங்கள் மான்செஸ்டரில் 1901இல் வைத்த விக்டோரியா ராணிக்கு அப்புறம் எம்மெலின்தான். நம் மெரினாவையே எடுங்கள். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த பத்துச் சிலைகளில் பெண்கள் இருவர்: ஒருவர் காப்பியத் தலைவி கண்ணகி, இன்னொருவர் முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாத ஔவை.

இது வெறும் நியாயப் பேச்சு இல்லை, சிற்பியின் கைக்கே வந்து இடிக்கிற விஷயம். ஓர் ஆண் தலைவருக்குச் சிலை என்றால், தயாராக நூறு நிலைகள் இருக்கின்றன. கையில் புத்தகம், ஒரு கால் முன்னே, சுட்டுவிரல் வானத்தை நோக்கி. யோசிக்காமலே செய்துவிடலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். மேடையேறிப் பேசுகிற, அறுபது வயதான, கோபமுள்ள ஒரு பெண்மணிக்கு அப்படி எந்த அச்சும் கிடையாது. கைக்கு வருவது அம்மன், தாய், ராணி. அறியாமலே விரல் அந்த முகத்தைத்தான் வடிக்கும்: வழுவழுப்பான கன்னம், மூடிய உதடு, எங்கோ பார்க்கிற கண். ஒவ்வொரு நாளும் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த ஆளைத் தேட வேண்டும்.

தேடுவதற்கு என்ன கிடைக்கும்? எம்மெலினுக்கு நிறைய புகைப்படம் உண்டு. அதிலும் பக்கவாட்டு முகம், பின்கழுத்து, காது இதெல்லாம் லேசில் கிடைக்காது. அந்தக் காலத்தில் ஸ்டூடியோவில் அசையாமல் உட்கார வைத்து எடுத்த படங்களில் முகமும் இறுகிப்போயிருக்கும். புதைபடிவங்களைத் தோண்டியெடுத்த மேரி ஆனிங் 1847இலேயே இறந்துவிட்டார், அவருக்குப் படமே இல்லை, ஓவியம்தான். லைம் ரீஜிஸ் கடற்கரையில் 2022 மே மாதம் திறந்த அவர் சிலையைச் செய்த டெனிஸ் டட்டன் முகத்தைவிட நடையைப் பிடித்தார்: கையில் சுத்தியல், கூடவே அவருடைய நாய் டிரே, காற்றுக்கு எதிராக வேகமாகப் போகிறார். கையில் கொடுக்கும் பொருளிலும் ஏமாறலாம். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் போர் மருத்துவமனையில் எடுத்துச் சென்றது மடக்கு விளக்கு, துருக்கியர்கள் துணி மூடிச் செய்வது. ஆனால் எத்தனையோ படங்களிலும் சிலைகளிலும் அலாவுதீன் விளக்கு மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். யாரோ ஒருவர் தேடாமல் விட்டது, நூறு வருடத்துக்கு ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் சிறு மாதிரி. மேக்கெட் என்பார்கள், ஒரு முழ உயரம் இருக்கும். உண்மையில் சிலை பிறப்பது இங்கேதான், பெரிதாக்குவது உழைப்பு மட்டுமே. எம்மெலினுக்கு நாற்காலி என்று ரீவ்ஸ் முடிவு செய்ததை நான் ரொம்ப ரசிக்கிறேன். அந்தப் பெண்களுக்கு மேடை கிடைக்காது. தெருமுனையில் நாற்காலியோ பெட்டியோ போட்டு ஏறிப் பேசுவார்கள். ஆக அது வரலாறு. சிற்பிக்கு வேறு ஒரு லாபமும் உண்டு. பீடத்தில் ஏற்றினால் ஆள் எட்டாத சாமியாகிவிடுவார், தரையில் நிறுத்தினால் கூட்டத்தில் தொலைந்துபோவார். நாற்காலி இரண்டுக்கும் நடுவில், தானாகவே ஏறி நின்றது மாதிரி. பாஸ்டனில் 2003இல் திறந்த பெண்கள் நினைவிடத்தில் மெரிடித் பெர்க்மன் இன்னொரு வழி செய்தார்: மூன்று பெண்களையும் பீடத்தைவிட்டு இறக்கி, பீடத்தைச் சாயவும் எழுதவும் பயன்படுத்த வைத்துவிட்டார். லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்தில், கிரிமியப் போரில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்ட மேரி சீகோல் சிலைக்குப் பின்னால் மார்ட்டின் ஜென்னிங்ஸ் ஒரு பெரிய வெண்கல வட்டத்தை நிறுத்தினார். சீகோல் வேலை செய்த கிரிமியா மண்ணின் மேற்பரப்பையே அச்செடுத்து வார்த்தது அது. இதெல்லாம் களிமண்ணைத் தொடுவதற்கு முன்னால் வருகிற யோசனைகள். மாதக்கணக்கில் போகும், கமிட்டிக்காரர்களுக்கு அது வேலையாகவே தெரியாது.

இனி தலைப்புக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் பெண் சிலையில் முகம் இரண்டாவது கஷ்டம்தான். முதல் கஷ்டம் பாவாடை.

ஒரு மனிதர் நிற்கும்போது உடல் எடை ஏதோ ஒரு காலில்தான் அதிகம் விழும். அந்தப் பக்கத்து இடுப்பு மேலே ஏறும், அதே பக்கத்துத் தோள் கொஞ்சம் இறங்கும், தலை அதைச் சரிக்கட்டச் சாயும். ஒருவர் சோர்ந்து நிற்கிறாரா, அடிக்கப் பாய்கிறாரா என்று நமக்குச் சொல்வது முகமில்லை, இந்தக் கணக்குதான். கால்சட்டை போட்ட ஆணுக்கு முழங்கால் தெரியும், பாதம் தெரியும், கணக்கு வெளியே இருக்கிறது. கணுக்கால் வரை கவுன் போட்ட பெண்மணிக்கோ புடவை கட்டியவருக்கோ அவ்வளவும் துணிக்குள். மடிப்புகள் மட்டுமே சாட்சி. எந்த மடிப்பு இடுப்பிலிருந்து இழுபடுகிறது, எது முழங்காலில் முட்டி உடைகிறது, எது தொங்குகிறது, எது தரையில் மடங்கிக் குவிகிறது, இதை வைத்துத்தான் பார்க்கிறவர் உள்ளே காலைக் கண்டுபிடிக்க வேண்டும். கால் கிடைக்கவில்லை என்றால் சிலை குத்துவிளக்கு மாதிரி நிற்கும். நம் ஊர் முச்சந்திகளில் புடவை கட்டிய சிலைகள் பலவும் டிரம் மேல் தலை வைத்தது போல இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அதனால் ஒழுங்காகச் செய்கிற சிற்பி முதலில் உடலை வெறுமையாக, எலும்பு நிற்கும் விதம் தெரிய, களிமண்ணில் செய்துகொள்வார். அப்புறம்தான் உடுத்துவார். மாடலாக ஒரு பெண்ணை அந்தக் காலத்து உடையில் அதே நிலையில் நிற்க வைப்பார்கள். துணி விஷயத்தில் ஏமாற்ற முடியாது. கனமான கம்பளித் துணி பெரிய, சோம்பேறியான மடிப்பாக விழும், பருத்தி கசங்கும். காஞ்சிப் பட்டின் கொசுவம் தானே விறைத்து நிற்கும், சுங்குடி அப்படி நிற்காது. நாற்காலி மேல் நிற்கிறவருக்கு இன்னொரு தொல்லை. நாம் கீழேயிருந்து பார்ப்பதால் பாவாடையின் கீழ்விளிம்பு கண்ணுக்கு நேரே வந்துவிடும். அதில் தப்பு செய்தால் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும்.

நம் சோழர் காலத்து உமையை நினைத்துப் பாருங்கள். ஸ்தபதி இந்தச் சிக்கலை ஒரே அடியில் தீர்த்துவிட்டார்: துணியைத் தோலோடு தோலாக ஒட்டி, தொடை மேல் சில கோடு கிழித்து, இதுதான் ஆடை என்று சொல்லிவிட்டார். எடை எந்தக் காலில் என்று சந்தேகமே வராது, அந்த வளைவு முழுதும் தெரியும். அழகு. ஆனால் அது தேவிக்குச் செல்லும். ஒரு தலைமை ஆசிரியைக்கோ டாக்டரம்மாவுக்கோ செல்லாது.

சொந்தக் கதை ஒன்று. ஒரு சமயம் புடவை கட்டிய ஒரு சிலைக்கு நான் களிமண்ணைத் தாங்கும் உள்கூடு கட்டினேன். கால் இரண்டுக்கும் கம்பி கனமாகப் போட்டேன், பின்னால் விசிறிக்கொண்டு போகிற முந்தானைக்கு வெறும் வலையும் கட்டுக்கம்பியும் போதும் என்று நினைத்துவிட்டேன். ஈரக் களிமண்ணின் எடை என்னவென்று தெரிந்தவன் செய்கிற வேலையில்லை. ராத்திரி ஈரச்சாக்கு போர்த்திவிட்டுப் போனோம், காலையில் வந்தால் முந்தானை தரையில், கூடவே இடது தோளும். மூன்று வார வேலை. அன்றிலிருந்து துணிக்கும் எலும்பு வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

இப்போது பெரிதாக்குவது. திறந்தவெளியில் ஆள் அளவுச் சிலை சிறுத்துத் தெரியும் என்பதால் ஒன்றேகால் மடங்கு வைப்பது சாதாரண வழக்கம். முன்பெல்லாம் காலிப்பர் பிடித்துப் புள்ளி புள்ளியாக அளந்து ஏற்றுவோம். இப்போது மேக்கெட்டை ஸ்கேன் செய்து, தெர்மோகோல் மாதிரி நுரைப்பொருளில் மெஷினே வெட்டிக் கொடுத்துவிடும், அதன்மேல் களிமண் பூசி முடிக்கலாம். ஃபாசெட் சிலையில் கில்லியன் வேரிங் ஸ்கேனிங்கை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார். பழைய ஆட்கள் இதைக் கேவலமாகப் பேசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் ஒரு முழ மாதிரியில் அழகாக இருந்த மடிப்பு ஏழடியில் செத்துப்போய்த் தெரியும். அதை மறுபடியும் கையால் உயிர்ப்பிக்காமல் அப்படியே வார்த்துவிட்டால் பொம்மைதான்.

முகத்துக்கு வெளிச்சம்தான் எதிரி. வெயில் மேலேயிருந்து விழும். கண்ணின் பாவையைக் குழியாகத் தோண்டி, ஒரு சின்னப் புள்ளியை விட்டுவைப்பார்கள், அது ஒளியைப் பிடித்தால்தான் பார்வை வரும். தொப்பி வைத்த சிலை என்றால் நெற்றியும் கண்ணும் நிழலுக்குள் போய்விடும், பள்ளங்களை இன்னும் ஆழமாக்க வேண்டும். பேசுகிற வாய் ரொம்ப ஆபத்து. கொஞ்சம் அதிகமாகத் திறந்தால் தூரத்திலிருந்து கறுப்பு ஓட்டையாகத் தெரியும், குறைத்தால் பேசவே மாட்டார். சிலை எந்த உயரத்தில் நிற்கப்போகிறதோ அந்த உயரத்துக்குக் களிமண்ணை ஏற்றி வைத்து, சிற்பி தரையில் உட்கார்ந்து பார்ப்பார். சுவாமிமலையில் இதற்குச் சாஸ்திரம் கை கொடுக்கும். உத்தம தசதாளம், மத்திம தசதாளம் என்று முகம் முதல் பாதம் வரை கணக்குண்டு, தென்னை ஓலையை மடித்து அளவு வைத்துக்கொள்வார்கள். இங்கே ஓலையும் இல்லை, தாளமும் இல்லை. அந்த ஒரு பெண்மணியின் தாடை மட்டும்தான் அளவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கொஞ்சம் சங்கடமான விஷயம். ஊர்க்கை எங்கே படும் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. டப்ளினில் 1988இல் வைத்த, நாட்டுப்பாட்டில் வரும் மீன்காரி மாலி மலோன் சிலையின் மார்பைச் சுற்றுலாக்காரர்கள் தடவித் தடவி அங்கே மட்டும் நிறம் போய்ப் பளபளக்கிறது. வெரோனாவின் ஜூலியட்டுக்கும் அதே கதி, மூலச் சிலையை உள்ளே எடுத்து வைத்துவிட்டு நகலை நிறுத்தினார்கள். 2020இல் லண்டன் நியூயிங்டன் கிரீனில் மேரி வுல்ஸ்டன்கிராஃப்டுக்காக மேகி ஹாம்பிளிங் செய்த நினைவுச்சின்னத்தின் உச்சியில் சின்னதாக ஒரு நிர்வாண உருவம். இது அவர் உருவமில்லை, எல்லாப் பெண்களுக்குமானது என்றார்கள். சிந்தனையாளருக்கு வைத்த சிலையில் உடம்புதான் தெரிகிறது என்று ஊரே கத்தியது. எனக்கும் அது பழைய பழக்கம் திரும்பி வந்ததாகத்தான் படுகிறது. ஓர் ஆளைக் கேட்டால் ஒரு கருத்தைக் கொடுப்பது.

சரி, வார்ப்பு. உங்கள் இரண்டாவது கேள்வி. அடிப்படை ஒன்றுதான்: மெழுகு இருந்த இடத்தில் உலோகம் போய் உட்கார்வது. சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து விக்கிரகத்தையே மெழுகில் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்துச் சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு உலோகம் ஊற்றுவார்கள். பெரும்பாலும் உள்ளே கெட்டி. மண்ணை உடைத்தால் ஒரே ஒரு விக்கிரகம், அந்த மெழுகு போனது போனதுதான்.

பொதுச் சிலையைக் கெட்டியாக வார்க்க முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 65 கிலோ ஆள் என்றால் கிட்டத்தட்ட 65 லிட்டர் கனஅளவு. வெண்கலம் தண்ணீரைவிட ஒன்பது மடங்குக்குச் சற்றுக் குறைவான எடை, அதாவது 560, 570 கிலோ. ஒன்றேகால் மடங்கு உயர்த்தினால் கனஅளவு இரட்டிப்பாகும், ஒரு டன்னைத் தாண்டிவிடும். பாவாடையும் கோட்டும் இன்னும் சேர்க்கவே இல்லை. தவிர, அவ்வளவு தடியான உலோகம் குளிரும்போது சுருங்கிக் குழி விழும். அதனால் உள்ளே கூடாக, சுவர் ஐந்தாறு மில்லிமீட்டர் இருக்கிற மாதிரி வார்ப்பார்கள்.

அதற்கு வழி இது. முடிந்த களிமண் சிலை மேல் சிலிக்கான் ரப்பர் பூசி, வெளியே ஃபைபரிலோ பிளாஸ்டரிலோ ஓடு கட்டி, துண்டு துண்டாக அச்செடுப்பார்கள். தலை, கைகள், உடல், பாவாடை இரண்டு மூன்று துண்டாக. அச்சுக்குள் உருகிய மெழுகைப் பல தடவை தடவி, தகடு மாதிரி ஒரு மெழுகுக் கூடு எடுப்பார்கள். சிற்பி வந்து மெழுகிலேயே தையல், பொத்தான், விரல் நகம் வரை மறுபடி தொடுவார். எனக்குப் பிடித்த கட்டம் இது, மெழுகு வெண்ணெய் மாதிரி கைக்கு இசையும். அப்புறம் உலோகம் போகவும் காற்று வெளியேறவும் மெழுகுக் குச்சிகளை ஒட்டி, ரன்னர், ரைசர் என்போம், சிலிக்கா கூழில் முக்கி மணல் தூவி, காயவிட்டு மறுபடி முக்கி, ஏழெட்டு அடுக்கு. சூளையில் வைத்தால் மெழுகு ஓடிவிடும், ஓடு சுட்டு இறுகும். சூடாக இருக்கும்போதே ஆயிரத்து நூறு டிகிரிக்கு மேல் இருக்கிற வெண்கலத்தை ஊற்றுவார்கள். ஒரு துண்டுக்குச் சில நொடிதான்.

அதற்கப்புறம் கண்ணுக்கே தெரியாத வேலை. சுட்ட ஓடுகளை உடைத்து, குச்சிகளை அறுத்து, துண்டுகளை வெல்டிங் வைத்து, பற்று தெரியாமல் உளியாலும் கிரைண்டராலும் துணியின் நெசவைத் தொடர வேண்டும். பாவாடை மடிப்பின் நடுவே பற்று வந்தால் வெல்டர் கிட்டத்தட்ட இரண்டாவது சிற்பி. கடைசியாக நிறம். வெண்கலத்தைச் சூடாக்கி ஃபெரிக் நைட்ரேட் தெளித்தால் செம்பழுப்பு, கந்தகக் கூட்டில் கறுப்பு, காப்பர் நைட்ரேட்டில் பச்சை. அதன்மேல் மெழுகு. இதற்குப் பாட்டினா என்று பெயர். ஆய்வு, மாதிரி, அனுமதி, நிதி, களிமண், வார்ப்பு எல்லாம் சேர்ந்தால் இரண்டு வருடம் அதிகமே இல்லை. மூன்று மாதத்தில் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் ஏற்கெனவே ஓர் அச்சு இருக்கிறது, தலையை மட்டும் மாற்றப்போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை டிராம் தாமதமானால் சிலையின் முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் போய் நில்லுங்கள். படம் எடுக்கிறவர்கள் யாரும் முதுகுப் பக்கம் போவதில்லை. பாவாடை இடுப்பிலிருந்து எந்தப் பக்கம் இழுபட்டு விழுகிறது என்று பார்த்து, அந்த அம்மாள் எந்தக் காலை ஊன்றிப் பேசுகிறார் என்று கண்டுபிடியுங்கள். நான் முன்பக்கப் படங்களை வைத்து ஒன்று ஊகித்திருக்கிறேன். சரியா என்று நீங்கள்தான் எழுத வேண்டும்.